காகிதம் இல்லாத கைகளும் டிஜிட்டல் சின்னங்களும்

இலங்கையில் ஒரு பிள்ளை பதினொரு வருடங்கள் பாடசாலைக்குச் சென்று கற்றவற்றையெல்லாம் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேற்றுத் தாள் ஒன்பது எழுத்துகளில் சொல்லி முடித்துவிடுகிறது. உயர்தரத்துக்கு மூன்று பாடங்களின் எழுத்துகளே போதுமானவை. அந்த எழுத்துகளை வைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளையா, உதவாத பிள்ளையா என்று வீட்டாரும் அயலவரும் தீர்ப்பு வழங்கிவிடுகிறார்கள். பழுதடைந்த நீர் இறைக்கும் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டத் தெரிந்திருந்தாலும் சரி, நாற்பது பேருக்கு ஒரு பந்திச் சமையலை ஒற்றை ஆளாக நின்று முடிக்கத் தெரிந்திருந்தாலும் சரி, மூன்று மொழிகளில் ஒரு கூட்டத்தை வழிநடத்தத் தெரிந்திருந்தாலும் சரி, அந்தத் தாளில் அவற்றுக்கு இடமில்லை. தாளில் இல்லாத திறமை உலகத்திலேயே இல்லாத திறமை என்று கருதுகின்ற பழக்கம் எம்மிடம் மிகவும் ஆழமாக வேரூன்றிப்போய்விட்டது.

இந்தப் பழக்கத்துக்கு மாற்றாக உலகின் பல பாகங்களிலும் கடந்த பதினைந்து வருடங்களாகப் பேசப்பட்டும் செயற்படுத்தப்பட்டும் வருகின்ற ஒரு ஏற்பாடு பற்றி இன்று சில கருத்துகளை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். டிஜிட்டல் சின்னங்கள் என்று அதனை அழைக்கிறார்கள். பெயரைக் கேட்டவுடன் சிறுபிள்ளைகளுக்கான விளையாட்டுச் சமாசாரம் என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால், தொழில் தெரிந்தும் அதனை நிரூபிக்க வழியில்லாமல் இருக்கின்ற இலட்சக்கணக்கான எமது மக்களின் சம்பளத்துடனும் சுயமரியாதையுடனும் நேரடியாகச் சம்பந்தப்பட்ட விடயம் இது.

சின்னத்தின் மூலமாகத் திறமையை அங்கீகரிக்கும் வழக்கம் புதியதல்ல. சாரணர் இயக்கத்தில் இருந்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். 1912 ஆம் ஆண்டிலேயே இலங்கைக்கு வந்துவிட்ட அந்த இயக்கத்தில் முதலுதவி, முடிச்சுப் போடுதல், சமையல், நீச்சல் என்று ஒவ்வொரு திறமைக்கும் ஒவ்வொரு துணிச் சின்னம் இருக்கிறது. சட்டைக் கையில் அதனைத் தைத்துக்கொண்டு நிற்கும் சிறுவனுக்கு என்ன செய்யத் தெரியும் என்பதை எவரும் ஒரு பார்வையில் விளங்கிக்கொள்ளலாம். அவன் எத்தனை புள்ளிகள் பெற்றான், வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்ற கேள்விகள் அங்கே எழுவதில்லை. செய்யத் தெரியும் என்பதை ஒருவர் முன்னால் செய்துகாட்டியிருக்கிறான் என்பதே அந்தச் சின்னத்தின் பொருள்.

இந்தத் துணிச் சின்னத்தைக் கணினி யுகத்துக்குக் கொண்டுவரும் முயற்சியை பயர்பொக்ஸ் இணைய உலாவியைத் தயாரிக்கும் மொஸில்லா மன்றம், அமெரிக்காவின் மைக்ஆர்தர் மன்றத்தின் நிதியுதவியுடன் ஆரம்பித்தது. 2011 செப்டெம்பரில் வாஷிங்டனில் நடைபெற்ற நிகழ்வொன்றில் அன்றைய அமெரிக்கக் கல்விச் செயலாளர் ஆர்ண் டங்கன் கலந்துகொண்டு, இதற்கான 20 இலட்சம் டொலர் பெறுமதியான போட்டித் திட்டம் ஒன்றைத் தொடக்கிவைத்தார். அதிலிருந்து உருவானதுதான் 'திறந்த சின்னங்கள்' என்ற பொதுத் தரநிலை. 2013 ஆம் ஆண்டில் சிக்காகோ மாநகரம் ஒரு கோடை விடுமுறை முழுவதையும் இதற்கான பரிசோதனைக் களமாக்கியது. நூலகங்கள், அருங்காட்சியகங்கள், பூங்காக்கள், சமூக அமைப்புகள் ஆகியவை பாடசாலைக்கு வெளியே பிள்ளைகள் கற்றவற்றுக்குச் சின்னங்களை வழங்கின. 2017 ஆம் ஆண்டின் ஆரம்பத்தில் இந்தத் தரநிலையின் பொறுப்பு ஒன்எட்டெக் என்று இன்று அழைக்கப்படும் கல்வித் தொழில்நுட்பக் கூட்டமைப்பிடம் ஒப்படைக்கப்பட்டது.

டிஜிட்டல் சின்னம் எவ்வாறு செயற்படுகிறது என்பதைச் சுருக்கமாகக் கூறுவது அவசியம். வெளித்தோற்றத்துக்கு அது ஒரு சிறிய படம். ஆனால் அந்தப் படத்துக்குள் தகவல்கள் பொதிந்து வைக்கப்பட்டிருக்கின்றன. யார் வழங்கினார், யாருக்கு வழங்கினார், எப்போது வழங்கினார், எத்தனை காலத்துக்குச் செல்லுபடியாகும் என்பவற்றுடன், அதனைப் பெறுவதற்கு ஒருவர் என்ன செய்துகாட்ட வேண்டும் என்ற நிபந்தனைகளும் அவர் செய்துகாட்டியதற்கான ஆதாரமும் அதில் சேர்க்கப்படலாம். தொழில் கொடுப்பவர் அந்தப் படத்தை அழுத்தினால் இவை அனைத்தையும் பார்க்கலாம். அது போலியா, உண்மையா என்பதையும் அப்போதே சரிபார்த்துக்கொள்ளலாம். கொவிட் காலத்தில் வெளிநாடு செல்லவேண்டியிருந்த இலங்கையர்கள் கியூ.ஆர். குறியீட்டுடன் கூடிய தடுப்பூசிச் சான்றிதழைக் கைத்தொலைபேசியில் வைத்துக்கொண்டு விமான நிலையங்களைக் கடந்து சென்றதை நினைத்துப் பார்த்தால் இது இலகுவில் விளங்கும். வழங்கியவரின் டிஜிட்டல் கையொப்பத்தைக் கொண்டு சான்றிதழைச் சரிபார்க்கும் அதே வகையான ஏற்பாட்டின் அடிப்படையிலேயே 2024 இல் வெளியான திறந்த சின்னங்களின் மூன்றாவது பதிப்பும் அமைந்திருக்கிறது.

சுவரில் தொங்கும் சான்றிதழுக்கும் இதற்கும் உள்ள முக்கியமான வேறுபாடு இங்குதான் இருக்கிறது. சுவரில் தொங்கும் சான்றிதழ், "இவர் இந்தப் பாடநெறியைப் பூர்த்திசெய்தார்" என்று மாத்திரமே சொல்கிறது. அந்தப் பாடநெறியில் என்ன கற்பித்தார்கள், எப்படிச் சோதித்தார்கள் என்பது அதனை வாசிப்பவருக்குத் தெரியாது. ஒழுங்காக வடிவமைக்கப்பட்ட ஒரு சின்னமோ தனது உரைகல்லையும் கூடவே சுமந்துகொண்டு வருகிறது.

இதன் அருமையை உணர்வதற்கு நான் வெகுதூரம் போகவேண்டியதில்லை. பத்திரிகைத் துறையில் நான் காலடி எடுத்துவைத்த காலத்தில் ஈய எழுத்துகளைக் கையால் கோத்தே பக்கங்களை உருவாக்கினார்கள். அந்த அச்சுக்கோப்பாளர்களில் பெரும்பாலானவர்கள் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். ஆனால், பேராசிரியர்கள் எழுதியனுப்பிய கட்டுரைகளில் இருந்த ஒற்றுப்பிழைகளையும் வாக்கியப் பிழைகளையும் கோக்கும்போதே திருத்திவிடுகின்ற ஆற்றல் அவர்களிடம் இருந்தது. ஆசிரிய பீடத்தில் புதிதாகச் சேர்ந்த நாம் ல, ள, ழ வேறுபாடுகளையும், தலைப்பு ஒரு பத்திக்குள் அடங்குமா என்று கண்ணால் அளக்கும் வித்தையையும் அவர்களிடமே கற்றோம். கணினி எழுத்துக்கோப்பு வந்தபோது அவர்களில் பலர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். முப்பது வருடங்கள் தமிழைக் கையால் தொட்டுத் தொட்டுப் பழகிய அந்த மனிதர்களிடம், "எனக்குத் தமிழில் பிழைதிருத்தத் தெரியும்" என்று சொல்வதற்கு ஒரு துண்டுக் கடதாசிகூட இருக்கவில்லை. அதே காலத்தில் ஒப்புநோக்காளர் பதவிக்கு உயர்தரச் சித்தி தேவை என்று விளம்பரம் செய்யப்பட்டது. அவர்களுக்கு விண்ணப்பிக்கக்கூடத் தகுதி இருக்கவில்லை. அவர்களிடம் தமிழ் கற்ற எங்களுக்குத் தகுதி இருந்தது.

இத்தகைய மனிதர்கள் எல்லாத் தொழில்களிலும் இருக்கிறார்கள். மேசன், தச்சர், மின்னிணைப்பாளர், தையற்காரி, படகு இயந்திரம் திருத்துபவர் என்று பட்டியல் நீளும். தகப்பனிடமோ மாமனிடமோ கையாளாக நின்று பழகிய தொழிலுக்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் வழங்குவதில்லை. 2022 பொருளாதார நெருக்கடியின்போது அந்த ஒரு வருடத்தில் மாத்திரம் 3 இலட்சத்துக்கும் அதிகமான இலங்கையர்கள் வேலைவாய்ப்புக்காக வெளிநாடு செல்லப் பதிவுசெய்துகொண்டார்கள். ஒரே வேலையைச் செய்யும் இருவரில் சான்றிதழ் உள்ளவர் பயிற்றப்பட்ட தொழிலாளி என்ற வகுதிக்குள்ளும் அது இல்லாதவர் பயிற்றப்படாத தொழிலாளி என்ற வகுதிக்குள்ளும் சேர்க்கப்படும்போது, இருவருக்கும் இடையிலான சம்பள வித்தியாசத்தை அந்தக் குடும்பம் வருடக்கணக்கில் இழக்கிறது.

சான்றிதழ் இருந்தவர்களின் கதையும் எமது மண்ணில் வேறுவிதமாகவே அமைந்தது. மூன்று தசாப்தப் போரில் திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்தவர்களும் 2004 டிசம்பர் 26 சுனாமியில் வீடு வாசல்களைப் பறிகொடுத்தவர்களும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்துடன் சேர்த்துக் கல்விச் சான்றிதழ்களையும் இழந்தார்கள். பரீட்சைத் திணைக்களத்திடம் பிரதி பெறக்கூடிய சான்றிதழ்களைப் பின்னர் பெற்றார்கள். ஆனால், வழங்கிய நிறுவனமே அழிந்துபோன சான்றிதழுக்கு யாரிடம் பிரதி கேட்பது? உலகெங்கும் அகதிகள் எதிர்கொள்ளும் இந்தப் பிரச்சினைக்குத் தீர்வாக ஐரோப்பிய கவுன்சில் 2017 முதல் 'அகதிகளுக்கான ஐரோப்பியத் தகைமைக் கடவுச்சீட்டு' என்ற ஏற்பாட்டை நடைமுறைப்படுத்தி வருகிறது. கையிலுள்ள ஆவணங்களையும் நேர்முக உரையாடலையும் கொண்டு ஒருவரின் கல்வியை மதிப்பிட்டு அதனை எழுத்தில் வழங்குகிறார்கள். ஆவணம் இல்லை என்பதற்காக அறிவு இல்லை என்று ஆகிவிடாது என்ற கோட்பாட்டை ஒரு கண்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதே இதில் எமக்கு முக்கியமான செய்தி.

அதே கோட்பாடு இலங்கையிலும் சட்டபூர்வமான ஏற்பாடாக ஏற்கெனவே இருக்கிறது என்பது எமது மக்களில் பலருக்குத் தெரியாது. 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு, என்.வி.கியூ. என்று அறியப்படும் தேசிய தொழிற்தகைமைக் கட்டமைப்பை நிருவகிக்கிறது. அது ஏழு படிகளைக் கொண்டது. முதல் நான்கு படிகள் தொழிற் சான்றிதழ்கள். நான்காவது படியை எட்டியவர் மேற்பார்வை இல்லாமல் தானே தொழில்செய்யக்கூடிய முழுமையான கைவினைஞராகக் கருதப்படுகிறார். ஐந்தும் ஆறும் டிப்ளோமாக்கள். ஏழாவது படி பட்டத்துக்குச் சமமானது. வகுப்பறைக்கே போகாமல் தொழில் பழகியவர், தனது அனுபவத்துக்கான ஆதாரங்களைச் சமர்ப்பித்து, மதிப்பீட்டாளர் ஒருவரின் முன்னிலையில் வேலையைச் செய்துகாட்டி இந்தச் சான்றிதழைப் பெறுவதற்கும் வழியிருக்கிறது. முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதனைச் சொல்கிறார்கள்.

ஆகவே ஏணி இருக்கிறது. எனினும் அதன் படிகள் உயரமானவை. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையில் கால்வைக்க இடமில்லை. உதாரணமாக, மின்னிணைப்பு வேலை தெரிந்த ஒரு இளைஞரை எடுத்துக்கொள்வோம். வீட்டு மின்னிணைப்பு, மின்கசிவுப் பாதுகாப்பு, கூரைச் சூரிய மின்கலங்களைப் பொருத்துதல், மின்மோட்டார் சுற்றுதல் என்று அவரின் தொழிலுக்குள் பல தனித்தனித் திறமைகள் இருக்கின்றன. அவற்றில் மூன்று தெரிந்து ஒன்று தெரியாவிட்டால் இன்றைய நிலையில் அவர் கைக்கு எதுவும் வராமல் போகலாம். டிஜிட்டல் சின்னங்கள் உதவக்கூடிய இடம் இதுதான். ஒவ்வொரு திறமைக்கும் ஒரு சின்னம் வழங்கி, குறிப்பிட்ட சின்னங்கள் சேர்ந்தால் ஒரு படி ஏறலாம் என்று வகுத்துவிட்டால், தன்னிடம் எது இருக்கிறது, எது குறைகிறது, அடுத்ததாக எதனைக் கற்கவேண்டும் என்பது அந்த இளைஞருக்கே வெளிச்சமாகத் தெரியும். கற்றல் பாதை என்று கல்வியியலாளர்கள் கூறுவது இதனைத்தான். பகலில் கூலிவேலைக்குப் போகும் ஒருவரால் இரண்டு வருடங்கள் தொடர்ச்சியாக ஒரு நிறுவனத்தில் படிக்க முடியாது. ஆனால், வருடத்துக்கு இரண்டு சின்னங்கள் வீதம் அவரால் நிச்சயமாக ஏறமுடியும்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவகம் போன்ற நவீன வசதிகள் வடக்கில் இருக்கின்றன. அவற்றின் கூடங்களை வார இறுதி நாட்களில் மதிப்பீட்டு நிலையங்களாகப் பயன்படுத்தலாம். மென்பொருளுக்கும் பெரும் செலவு தேவையில்லை. எமது பல்கலைக்கழகங்கள் பலவும் பயன்படுத்துகின்ற மூடில் என்ற இலவசக் கற்றல் மென்பொருளில் 2013 ஆம் ஆண்டு தொடக்கமே சின்னம் வழங்கும் வசதி இருக்கிறது. பல வருடங்களாக வீட்டுக்குள் இருந்தும் ஒரு முறைகூட அழுத்தப்படாத ஆளியைப் போன்றது அது.

தொழில்நுட்பம் வந்தவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதுவதற்கு நான் தயாரில்லை. எமது நாட்டில் நல்ல நோக்கத்துடன் ஆரம்பிக்கப்பட்ட கல்விச் சீர்திருத்தங்கள் எவ்வாறு மடிந்தன என்பதற்கு வரலாறு இருக்கிறது. திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஐக்கிய முன்னணி அரசாங்கம் 1972 இல் பாடசாலைகளில் தொழில்சார்ந்த பாடங்களை அறிமுகம் செய்தது. க.பொ.த. சாதாரண தரத்துக்குப் பதிலாகத் தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ் என்ற புதிய பரீட்சை வந்தது. மீன்பிடி, மட்பாண்டம், தச்சு போன்ற பிரதேசத் தொழில்களைப் பிள்ளைகள் பாடசாலையில் பயிலவேண்டும் என்பது எண்ணம். வைத்தியராகவும் பொறியியலாளராகவும் பிள்ளையைக் காணவிரும்பிய பெற்றோர் அதனை அடியோடு வெறுத்தார்கள். "எங்கள் பிள்ளை பானை வனையவா பள்ளிக்கூடம் போகிறது?" என்ற கேள்வியை அன்று கேட்காத ஊர் இல்லை. 1977 இல் ஆட்சி மாறியதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டுப் பழைய பரீட்சைகள் திரும்பவும் வந்தன. கைத்தொழில் என்பது படிப்பு ஏறாதவனுக்கான தண்டனை என்ற மனோபாவம் மாறாதவரையில் எந்தச் சின்னமும் அந்தத் தண்டனையின் அடையாளமாகவே பார்க்கப்படும் ஆபத்து இருக்கிறது.

இரண்டாவது ஆபத்து மலிவு. எமது சமூகத்துக்குச் சான்றிதழ்களில் இருக்கின்ற மோகத்தைப் பத்திரிகைக் காரியாலயத்தில் இருந்தவர்கள் நன்கு அறிவார்கள். சான்றிதழ் வழங்கும் வைபவப் படங்களைப் பிரசுரிக்குமாறு வருகின்ற கோரிக்கைகளுக்கு ஒரு குறைவும் இருப்பதில்லை. பிரதம அதிதி, சிறப்பு அதிதி, கௌரவ அதிதி என்று மேடையில் பதினைந்து பேர், பொன்னாடைகள், மாலைகள். இரண்டு மணித்தியாலக் கருத்தரங்கில் இருந்துவிட்டு எழுந்தவர்களுக்குப் பொன்னிற எழுத்தில் சான்றிதழ். வந்திருந்தார் என்பதற்கும் கற்றுக்கொண்டார் என்பதற்கும் வித்தியாசம் காட்டாத சான்றிதழ் அது. அச்சகச் செலவாவது இதற்கு இதுவரையில் ஒரு கடிவாளமாக இருந்தது. டிஜிட்டல் சின்னத்துக்கு அச்சகச் செலவும் இல்லை.

இது எமக்கு மாத்திரம் உரிய நோயல்ல. அமெரிக்காவில் வழங்கப்படும் பட்டங்கள், சான்றிதழ்கள், சின்னங்கள் ஆகியவற்றைக் கணக்கெடுத்த கிரெடென்ஷல் என்ஜின் என்ற இலாபநோக்கற்ற அமைப்பு, 2022 ஆம் ஆண்டு அறிக்கையில் அவை 10 இலட்சம் வகைகளுக்கும் மேல் இருப்பதாகக் கூறியது. பத்து இலட்சம் வகைச் சான்றிதழ்கள் இருக்கும் சந்தையில் எந்தத் தொழில் வழங்குநரால் எதனை மதிக்க முடியும்? நியூசிலாந்து இதனை முன்கூட்டியே உணர்ந்துகொண்டது. 2018 இல் சிறு தகைமைகளை அந்நாடு தேசியக் கட்டமைப்புக்குள் சேர்த்தபோது, தொழில் வழங்குநர்களோ சமூகமோ அதனை வேண்டிநிற்பதற்கு ஆதாரம் காட்டவேண்டும், ஏற்கெனவே உள்ள தகைமையின் நகலாக அது இருக்கக்கூடாது என்று நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. ஐரோப்பிய ஒன்றியமும் 2022 ஜூனில், ஒவ்வொரு சிறு தகைமையும் கற்றல் பேறு, செலவான நேரம், மட்டம், மதிப்பிட்ட முறை என்பவற்றை வெளிப்படையாகக் குறிப்பிடவேண்டும் என்று அங்கத்துவ நாடுகளுக்குப் பரிந்துரை செய்தது. சின்னத்தை அறிமுகம் செய்வதற்கு முன்னரே அதற்கு வேலி கட்டவேண்டும் என்பதே இந்த அனுபவங்கள் தரும் பாடம்.

மூன்றாவது ஆபத்து பிள்ளைகளின் மனதுடன் சம்பந்தப்பட்டது. 1973 இல் மார்க் லெப்பரும் வேறு இரு உளவியலாளர்களும் அமெரிக்காவில் நடத்திய ஒரு ஆய்வு பிரசித்தமானது. படம் வரைவதில் இயல்பாகவே விருப்பம் கொண்ட பாலர் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் நாடா கட்டிய விருதுப் பத்திரம் தரப்படும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. மற்றவர்களுக்கு அப்படிச் சொல்லப்படவில்லை. சில நாட்களுக்குப் பின்னர் சுதந்திரமாக விளையாட விட்டபோது, விருதுக்காக வரைந்த பிள்ளைகள் ஏனையவர்கள் செலவிட்ட நேரத்தில் ஏறத்தாழ அரைவாசி நேரமே வரைந்தார்கள். விருப்பத்துக்காகச் செய்தது கூலிக்காகச் செய்யும் வேலையாகிவிட்டது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையினால் பத்து வயதுப் பிள்ளைகளைப் பாடாய்ப்படுத்துகின்ற ஒரு நாட்டுக்கு இதனைவிடப் பெரிய எச்சரிக்கை தேவையில்லை. சிறு பிள்ளைகளின் வாசிப்புக்கும் விளையாட்டுக்கும் சின்னம் வழங்கத் தொடங்கினால், மறுவாரமே சின்னம் எடுப்பதற்கான தனியார் வகுப்புகளின் சுவரொட்டிகளை மதில்களில் காணலாம். எனவே, தொழில் உலகத்துக்குள் கால்வைக்கும் வயதினருக்கும் வளர்ந்தவர்களுக்கும் இந்த ஏற்பாட்டை மட்டுப்படுத்துவதே விவேகமானது என்பது எனது நிலைப்பாடு.

நான்காவது, சின்னங்களின் பெட்டகத்துக்கு யார் சொந்தக்காரர் என்ற கேள்வி. பொதுநலனுக்காக இதனை ஆரம்பித்த மொஸில்லா, பயனாளர்கள் தமது சின்னங்களைச் சேமித்துவைத்த இணையப் பையை 2019 இல் மூடிவிட்டு, அதிலிருந்தவற்றை வேறொரு நிறுவனத்தின் சேவைக்கு மாற்றியது. அந்தச் சேவையை நடத்திய நிறுவனத்தை 2022 இல் இன்னொரு பெரிய நிறுவனம் வாங்கியது. இந்தத் துறையின் மிகப்பெரிய நிறுவனங்களில் ஒன்றான கிரெட்லியை அதே வருடத்தில் பாடநூல் வெளியீட்டில் பெயர்பெற்ற பியர்சன் வாங்கியது. வர்த்தகத்தில் இவை சாதாரண நிகழ்வுகள். ஆனால், ஒருமுறை ஆவணங்களை நெருப்புக்கும் கடலுக்கும் கொடுத்த ஒரு மக்கள் கூட்டம், தனது தகைமைகளின் ஒரே பிரதியை எங்கோ இருக்கும் ஒரு கம்பெனியின் கணினியில் வைத்துவிட்டு நிம்மதியாக உறங்கலாமா? பதிவேட்டை அரசாங்க ஆணைக்குழு வைத்திருக்க வேண்டும். சின்னத்தின் பிரதி, அதனைப் பெற்றவரின் கையிலும் இருக்கவேண்டும்.

ஐந்தாவது விடயத்தை எமது நாட்டின் சூழ்நிலையில் கட்டாயம் பேசவேண்டும். சின்னம் அழியாதது என்பது அதன் பெருமை. அதுவே அதன் ஆபத்தும் ஆகலாம். 2009 இல் போர் முடிவடைந்த பின்னர் சுமார் 12,000 முன்னாள் போராளிகள் புனர்வாழ்வு நிலையங்களில் வைக்கப்பட்டார்கள். அங்கே அவர்களுக்குத் தொழிற்பயிற்சிகளும் வழங்கப்பட்டன. அத்தகைய ஒருவரின் தச்சுத் திறமைக்கான சின்னத்தை அழுத்தும் முன்பின் தெரியாத ஒரு முதலாளிக்கு, அவர் எங்கே, எந்த ஆண்டில் பயிற்சி பெற்றார் என்பது தெரியவேண்டிய அவசியம் என்ன? கதிரை ஆடாமல் நிற்கிறதா என்பதுதான் அந்த முதலாளிக்குத் தேவை. திறமையைச் சொல்லும் சின்னம் மனிதரின் கடந்த காலத்தைக் காட்டிக்கொடுக்கும் சின்னமாக மாறக்கூடாது. எந்தத் தகவலை வெளியே காட்டுவது, எதனை மறைப்பது என்று தீர்மானிக்கும் உரிமை சின்னத்தை வைத்திருப்பவரிடமே இருக்கவேண்டும். இன்றைய தொழில்நுட்பம் அதற்கு இடமளிக்கிறது. சட்டமும் இடமளிக்கவேண்டும்.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்கு இந்த விவகாரம் புதியதாக இருக்காது. ஊரில் ஆசிரியராகவும் பொறியியலாளராகவும் கணக்காளராகவும் இருந்தவர்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் உணவகச் சமையலறைகளிலும் தொழிற்சாலைகளிலும் தமது வாழ்வின் சிறந்த ஆண்டுகளைக் கழித்தார்கள். "கனேடிய அனுபவம் இருக்கிறதா?" என்ற ஒரு கேள்வியின் முன்னால் எத்தனையோ பட்டங்கள் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. ஒன்ராறியோ மாகாணம் 2021 இல் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டம், மருத்துவத்துறை சாராத பல ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில்களில் அந்த நிபந்தனையை விதிப்பதற்குத் தடைவிதித்தது. எண்பதுகளில் அங்கே போனவர்களின் பிள்ளைகளே நடுத்தர வயதை எட்டிவிட்ட பிறகு வந்த சட்டம் அது. வெளிநாட்டிலிருந்து வந்த திறமையை மதிப்பிட நிறுவனங்கள் எத்தனை தசாப்தங்களை எடுத்துக்கொள்ளும் என்பதற்கு வேறு சாட்சியம் தேவையில்லை. திறமையுடன் அதற்கான உரைகல்லும் ஆதாரமும் எல்லோரும் வாசிக்கக்கூடிய ஒரு பொதுவடிவத்தில் இருந்திருந்தால், கதவைத் தட்டியவர்களின் கைக்காவது சற்று பலம் கிடைத்திருக்கும்.

எனவே என்ன செய்யலாம்? முதலில், புதிய ஏணி ஒன்றைக் கட்டவேண்டாம். இருக்கின்ற தேசிய தொழிற்தகைமைக் கட்டமைப்பின் படிகளுக்கு இடையில் சின்னங்களைச் சிறு படிகளாக வைத்தால் போதுமானது. இரண்டாவது, ஒவ்வொரு சின்னத்தின் நிபந்தனைகளும் மதிப்பீடும் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கவேண்டும். தமிழ் மட்டும் தெரிந்த ஒரு மேசன், தனது கைத்திறமையை ஆங்கில வினாத்தாளில் நிரூபிக்கவேண்டிய நிலை ஏற்பட்டால் நாம் பழைய இடத்துக்கே திரும்பியவர்களாவோம். மூன்றாவது, அரசாங்கம் தானே முதல் வாடிக்கையாளராக இருக்கவேண்டும். உள்ளூராட்சி சபைகளும் திணைக்களங்களும் தொழில்நுட்ப உதவியாளர் பதவிகளுக்கும் சிறு ஒப்பந்தங்களுக்கும் இந்தச் சின்னங்களை ஏற்றுக்கொள்ளாவிட்டால், தனியார் துறை ஏற்கும் என்று எதிர்பார்ப்பது வீண். தான் மதிக்காத நாணயத்தை ஒரு அரசாங்கம் அச்சிடக்கூடாது. நான்காவது, மதிப்பீட்டாளர் மக்களிடம் போகவேண்டும். முல்லைத்தீவில் இருக்கும் ஒரு படகுத் திருத்துநர் தொழிலை விட்டுவிட்டு, பயணச் செலவும் செய்து கொழும்புக்கு வரவேண்டும் என்றால் அவர் வரமாட்டார்.

புலம்பெயர் அமைப்புகளிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. தாயகத்தில் தொழிற்பயிற்சிக்கு நிதியுதவி செய்யும்போது, அமைப்பின் இலச்சினையைப் பெரிதாகப் பொறித்த சொந்தச் சான்றிதழ்களை வழங்குவதில் காட்டும் ஆர்வத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தில் ஒரு கிராமத்தின் இருபது தொழிலாளர்களைத் தேசிய மதிப்பீட்டுக்குத் தயார்செய்து அனுப்புவது பன்மடங்கு பயன்தரும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அந்த ஏடு திரையில் மின்னினாலும் அது ஏட்டுச் சுரைக்காய்தான்.

டிஜிட்டல் சின்னம் ஒருவருக்குத் திறமையைக் கொடுக்காது. இருக்கின்ற திறமையைப் பார்க்க மறுப்பவர்களின் கண்ணில் அதனைப் படச்செய்வதே அதன் வேலை. அந்த வேலையைக்கூட, சின்னத்தை வழங்குபவர் நேர்மையாகவும் அதனை வாசிப்பவர் திறந்த மனதுடனும் இருந்தால் மாத்திரமே அதனால் செய்யமுடியும். மென்பொருளை ஒரே நாளில் நிறுவிவிடலாம். கைத்தொழிலாளியைக் கதிரை கொடுத்து இருத்திப் பேசும் பண்பாட்டை நிறுவுவதற்கு அதிக காலம் எடுக்கும். அதற்காகக் காத்திருக்கின்ற ஒவ்வொரு வருடமும், தொழில் தெரிந்த ஆயிரக்கணக்கான எமது இளைஞர்கள் தொழில் தெரியாதவர்கள் என்ற பெயருடன் விமானம் ஏறிக்கொண்டிருப்பார்கள்.